உப்புத் தண்ணீர் எரியாத கால்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற புற்றுநோய் வார்டில் இப்போது அவள்தான் தலைமை நர்ஸ். என்னிடம் வேலை பழகியவள், கெட்டிக்காரி. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“சிஸ்டர், நம்ம வார்டுக்கு இந்த வாட்டி நல்ல பேரு. புது ஃபார்ம் வந்திருக்குது இல்ல, அதுல நரம்பு பாதிப்புன்னு ஒரு கட்டம் இருக்குது. எல்லா பேஷன்ட்டுக்கும் ஸீரோ! ஒருத்தருக்குக்கூட பிரச்சினை இல்லைன்னு ரிப்போர்ட் போயிருக்குது. விழா வெச்சிருக்கோம். நீங்க வந்து ஜூனியர் பொண்ணுங்ககிட்ட உங்க அனுபவத்தைப் பேசணும்.”

“அந்தக் கட்டத்தை யாரும்மா நிரப்பறது?”

“டூட்டில இருக்கறவங்கதான் சிஸ்டர்.”

“பேஷன்ட்கிட்ட என்னன்னு கேக்கறாங்க?”

“நியூரோபதி ஏதாவது இருக்குதான்னு...”

தலைவலி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். தலைவலியெல்லாம் இல்லை, கோபம். மேடையில் ஏறினால் அந்தக் கோபம் வாயை அடைத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கவிதா, விழாவில் இதை நீயே படி. பாதியில் நிறுத்தாதே.

நான் மரக்காணத்துக்காரி. அப்பா உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் நர்சிங் சேர்ந்தேன். பிரசவ வார்டு, அறுவை வார்டு என்று சுற்றிவிட்டு, கடைசிப் பதினெட்டு வருடம் கீமோ வார்டில் நின்றேன். ஊசி குத்தவும் நரம்பு தேடவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே நரம்பு என்றால் ரத்தக் குழாய். மருந்து ஏற்றும் வழி. உணர்ச்சி நரம்பைப் பற்றி யாரும் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளில் சில, நோயோடு சேர்த்து உணர்ச்சி நரம்பின் நுனிகளையும் கெடுக்கும். நீளமான நரம்பு முதலில் கெடும். அதனால் கால்விரலில் ஆரம்பிக்கும், பிறகு கைவிரலுக்கு வரும். முதலில் மதமதப்பு, எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. நியூரோபதி என்பது இதுதான். அந்த நேரத்திலேயே கண்டுபிடித்து மருந்தின் அளவைக் குறைத்தாலோ, இடைவெளி விட்டாலோ, மாற்றினாலோ பெரும்பாலும் அதோடு நிற்கும். விட்டுவிட்டால் சிலருக்கு வாழ்நாள் முழுக்க நிற்கும். வராமல் தடுக்க நிச்சயமான மாத்திரை இன்றுவரை கிடையாது. ஆகவே இருக்கிற ஒரே ஆயுதம், கேட்பது. அதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

எங்கள் வார்டுத் தலைவரை ‘சீஃப்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். சுத்தமான மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரையும் தொடமாட்டார். மருந்துப் புட்டியின் பெயரை வாய்விட்டு மூன்று முறை படிப்பார்; எங்களையும் படிக்கச் சொல்வார். பத்துப் பேருடைய வெள்ளணு எண்ணிக்கையை ஃபைல் பார்க்காமல் ஒப்பிப்பார். வார்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே ஃபைலைப் புரட்டி, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, “யெஸ், நெக்ஸ்ட்” என்பார். கோபம் வந்தால் கத்தமாட்டார், குரல் இன்னும் தாழ்ந்துபோகும். அதற்குத்தான் எல்லோரும் பயப்படுவோம். அவர் பார்வை ஃபைலில் இருக்கும். ஃபைலுக்கு மேலே ஒரு முகம் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

முகத்தைப் பார்த்த நாளும் உண்டு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், குடல் புற்றுநோய்க்காகப் புதுச்சேரியிலிருந்து வருவார். நாலாவது முறை வந்தபோது, “டாக்டர், ஷர்ட் பட்டன் போட முடியல. ஃப்ரிட்ஜ்ல இருந்து தண்ணி பாட்டில எடுத்தா விரல்ல கரண்ட் அடிக்குது” என்றார். அவர் மனைவி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சீஃப் அந்த நோட்டை வாங்கிப் படித்தார். அன்றைக்கே மருந்தின் அளவைக் குறைத்தார். “ரொம்ப நல்ல அப்சர்வேஷன்மா” என்று அந்த அம்மாவைப் பாராட்டினார். சரியான வைத்தியம். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. அவருக்கு இது தெரியாமல் இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதே வருடம்தான் அஞ்சலை வந்தாள்.

எங்கள் ஊர் உப்பளத்தில் வேலை செய்பவள். நாற்பது தாண்டியிருக்கும். மார்பில் கட்டி, அறுவை முடிந்து, வாரம் ஒரு முறை என்று பன்னிரண்டு வாரம் மருந்து ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. புருஷன் கிடையாது. மகள் பத்மாவுக்குக் கிளியனூரில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தாள். ஊர்க்காரி என்பதால் என்னை ‘அக்கா’ என்பாள். மற்றவர்கள் முன்னால் மட்டும் ‘சிஸ்டர்’.

ஒவ்வொரு வாரமும் நடப்பது ஒன்றுதான். காலையில் ரத்தப் பரிசோதனை. அணு எண்ணிக்கை சரியாக இருந்தால் ஒவ்வாமைக்கு முன்கூட்டியே இரண்டு ஊசி. பிறகு அந்த மருந்துக்கென்று இருக்கும் தனிக் குழாயை மாட்டி, முதல் பத்து நிமிஷம் நான் பக்கத்திலேயே நிற்பேன். மூச்சு முட்டுகிறதா, முகம் சிவக்கிறதா என்று பார்க்க. இதிலெல்லாம் ஒரு தவறும் நடந்ததில்லை. அதற்கு முன்னால் பயிற்சி டாக்டர் ஃபைலோடு வந்து கேள்விகளைக் கேட்பார்.

“வாந்தி இருக்குதா?”

“இல்லீங்க.”

“பேதி?”

“இல்லீங்க.”

“நியூரோபதி ஏதாவது?”

“அதெல்லாம் எங்க ஊர்ல இல்லீங்க சார்.”

முதல் வாரம் அவள் அப்படிச் சொன்னதும் வார்டே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் முகம் எரிகிறது. அவளுக்கு மருந்து ஏற்றும் நரம்பைத் தேடிக்கொண்டே நானும் வாரா வாரம், “நல்லா இருக்கியா அஞ்சலை?” என்று கேட்டேன். “நல்லாருக்கேன்க்கா” என்று வாரா வாரம் அவள் சொன்னாள். அதற்குப் பெயர் விசாரிப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம். அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஊசிகள் போட்டாகிவிட்டது, மருந்தும் கலந்து வந்துவிட்டது. குழாயை மாட்டக் குனிந்தபோது ஒரு வாடை. அறுவை வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்த வாடை தெரியும். கீழே பார்த்தேன். வலது கால் செருப்பின் ஓரத்தில் ஈரம், மஞ்சளும் சிவப்புமாக.

“கால்ல என்ன?”

“என்னக்கா?”

செருப்பைக் கழற்றினேன். கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், உடைந்த கிளிஞ்சல் துண்டு ஒன்று குத்தி நின்றிருந்தது. சுற்றிலும் சதை வெளுத்து, சீழ் கட்டி, விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல, “அய்ய! இது எப்பக்கா குத்துச்சி?” என்றாள்.

“வேலைக்கா போற நீ? இந்த நிலைமைலயா?”

“பாத்தி மிதிக்கத்தான்க்கா. ஆபரேஷன் பண்ண பக்கம் கை தூக்க முடியல இல்ல, உப்பு வார முடியாது. சீசன் ஆரம்பம், பாத்தித் தரைய மிதிச்சி கெட்டி பண்ணணும். கால்தான வேணும், அத செய்யின்னு மேஸ்திரி சொல்லிட்டான்.”

“இந்தப் புண்ணோட உப்புத் தண்ணியில நின்னியே, எரியலையா?”

அவள் முகம் மலர்ந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை. “இல்லக்கா! முன்னெல்லாம் சின்ன கீறல் பட்டாலே உயிர் போவும். இப்ப எரியவே இல்ல. மருந்து நல்லா வேலை செய்யுது போல.”

என் அப்பா உப்பளத்திலிருந்து வந்ததும் காலை நல்ல தண்ணீரில் முக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பார். வெயிலில் காய்ந்து செறிந்த உப்புத் தண்ணீர் ஒரு வெடிப்பில் இறங்கினால் என்ன செய்யும் என்று அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அது எரியவில்லை என்று ஒருத்தி சந்தோஷப்படுகிறாள்.

குழாயை மாட்டாமல் ஸ்டாண்டிலேயே தொங்கவிட்டேன். அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டேன். ரவிக்கை ஊக்கு நீயே போடுகிறாயா? செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்திருக்கிறாயா? தலையைக் குனிந்துகொண்டாள்.

“நாலஞ்சி வாரமாவே மதமதன்னுதான்க்கா இருக்குது. பஞ்சு மேல நடக்கற மாதிரி. கைல சொம்பு நிக்க மாட்டேங்குது. ஊக்கு பக்கத்து வூட்டுப் பொண்ணு வந்து போட்டு வுடுது.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“சொன்னா மருந்த நிறுத்திடுவாங்கன்னு பக்கத்து சேர்ல மருந்து ஏத்திக்க உக்காருவாங்களே, அவங்க சொன்னாங்க. அவங்க வலிக்குதுன்னு சொன்னப்ப சீஃப் சார், ‘உயிர் வேணுமா வேணாமா’ன்னு கேட்டாராமே. எனக்கு உயிர் வேணும்க்கா. பத்மா மாசமா இருக்கா.”

பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டுக் காலைக் காட்டினேன். அவர் பதறிப்போய் சீஃபுக்குப் போன் செய்தார். வைத்துவிட்டு வந்து, “கட்டுப் போட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிட்டு, கீமோவ ஓட்டச் சொல்லிட்டார் சிஸ்டர்” என்றார்.

“நான் மாட்டமாட்டேன்.”

“சிஸ்டர், மருந்து கலந்தாச்சு...”

“கலந்தா கலந்ததுதான். நீங்க வேணும்னா மாட்டுங்க.”

அவர் மாட்டவில்லை. நான் சீஃப் அறைக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அழைக்காமல் அந்தக் கதவைத் திறந்தது அன்றுதான். ஜன்னல் பக்கம் நின்று ஏதோ ஃபைல் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், அஞ்சலைக்குக் கால்ல உணர்ச்சியே இல்ல. கிளிஞ்சல் குத்தினதுகூடத் தெரியல. நீங்க வந்து பார்க்கணும்.”

தலையைத் தூக்காமல் சொன்னார்: “உப்பளத்துல வேலை செய்யறவங்க கால் அப்படித்தான் இருக்கும் சிஸ்டர். தோல் தடிச்சுப்போய்க் கிடக்கும். அதுல உணர்ச்சி எங்க இருக்கப்போகுது?”

“எங்கப்பா அந்த உப்பளத்துல காலம் முழுக்க நின்னவர் சார். அவர் காலும் தடிச்ச கால்தான். வெடிப்புல உப்புத் தண்ணி பட்டா துடிப்பார். அந்தத் தோலுக்குள்ள உங்களுக்கு இருக்கற அதே நரம்புதான் சார் இருக்குது.”

குரல் தாழ்ந்தது. “இன்னும் நாலு டோஸ்தான் பாக்கி. சரியா முடிச்சா அவங்க பிழைக்கலாம். உயிர் முக்கியமா, விரல் முக்கியமா?”

“அத நீங்க அவங்ககிட்ட ஒரு தடவையாவது புரியற மாதிரி கேட்டீங்களா சார்? பேங்க் ஆபீசருக்குப் பட்டன் போட முடியலன்னதும் டோஸைக் குறைச்சீங்க. இவங்களுக்கும் ஊக்கு போட முடியல. இவங்க கொண்டாந்து காட்ட நோட்டு இல்ல, அவ்வளவுதான்.”

சொல்லி முடித்ததும், வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஃபைலை மூடினார். மேஜை இழுப்பறையிலிருந்து உணர்ச்சியைச் சோதிக்கும் அதிர்வுக் கவையை, அந்த ட்யூனிங் ஃபோர்க்கை, எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அதன் பிறகு அவர் செய்தது பழுதில்லாத பரிசோதனை. கையைக் கழுவினார். அஞ்சலையைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால், புண் இல்லாத இடது கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, “தெரியுதாம்மா?” என்றார். “எப்பத் தொடுவீங்க சார்?” என்றாள் அவள். ஐந்து விரலும் முடிந்திருந்தது. கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். தவறாகச் சொன்னாள். கவையைத் தட்டி, அதிரும்போதே அடியைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார்.

“அதிர்றது நின்னதும் சொல்லுங்க.”

“என்ன நிக்கணும் சார்?”

கணுக்காலில் வைத்தார். ஒன்றுமில்லை. அதற்கு மேலே முன்னெலும்பில் வைத்தார். முழங்காலில் வைத்தபோதுதான், “ஆங், இங்க கிர்ருங்குது” என்று அவள் சிரித்தாள். சீஃப் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, “எத்தன வாரமா இப்படி இருக்குது? பயப்படாம சொல்லுங்க. வைத்தியத்த நிறுத்த மாட்டேன், வேற வழியில முடிப்பேன்” என்றார். அந்த இரண்டு வாக்கியத்தை முதல் வாரமே சொல்லியிருக்கலாம்.

அந்த மருந்து அன்றோடு நின்றது, மீதி வைத்தியத்தை வேறு மருந்தால் முடித்தார்கள். சீழ் எலும்பு வரை போயிருந்ததால் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. நரம்பும் அன்றோடு நின்றுவிடவில்லை. இந்த மருந்துகளில் சில, நிறுத்திய பிறகும் சில வாரம் கெடுதலைத் தொடரும். மரத்த காலே தீயாக எரியத் தொடங்கியது. போர்வை பட்டால்கூட அலறுவாள். அதுவரை மரமரப்பு என்று யார் சொன்னாலும் சத்து மாத்திரை ஒரு அட்டை எழுதிக் கொடுத்து அனுப்புவதே எங்கள் வழக்கம். சத்துக் குறைவு இருப்பவருக்கு அது உதவும், இல்லாதவருக்கு அது வெறும் வழியனுப்பு. அஞ்சலைக்குச் சீஃப் நரம்பு எரிச்சலுக்கான துலோக்சிடின் மாத்திரை எழுதினார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மரமரப்பு குறையவில்லை; அதற்கு மருந்து இல்லை. பிசியோதெரபியில் தினமும் சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். சுவரைப் பிடிக்காமல் நிற்கவே அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

நான் செய்த ஒரே காரியம், கேள்வியை மாற்றியது. ஊக்கு போட முடிகிறதா, தாலிக்கயிற்று முடிச்சு விரலுக்குத் தட்டுப்படுகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினால் தள்ளாடுகிறதா, சோற்றில் கல் இருந்தால் விரலுக்குத் தெரிகிறதா? ஒரு வெள்ளைத் தாளில் எழுதி எல்லா ஃபைலிலும் வைத்தேன். ஒவ்வொருவர் காலையும் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். மருந்து ஏறும்போது கையிலும் காலிலும் பனிக்கட்டி உறை போட்டும் பார்த்தோம். உதவுகிறது என்பவர்களும் உண்டு, உறுதியில்லை என்பவர்களும் உண்டு. வங்கி அதிகாரிக்கு ஏற்றியது போலக் குளிர்ச்சியே எதிரியாக இருக்கும் மருந்துக்கு அதைப் போடவும் கூடாது. ஆனால் கேட்பதற்கு யாரிடமும் உத்தரவு தேவையில்லை. முதல் மாதத்திலேயே வார்டில் பாதிப் பேர் ஏதோ ஒன்றில் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் எல்லோருடைய ஃபைலிலும் அதற்கு முந்தைய வாரம் வரை ‘இல்லை’ என்றுதான் இருந்தது. இப்போது அந்தத் தாள் இருந்த இடத்தில் புது ஃபார்ம் வந்து, அதே வார்டில் எல்லோருக்கும் ஸீரோவாம், விழாவாம்.

அஞ்சலை பிழைத்தாள். நோய் திரும்பவில்லை. பத்மாவுக்கு ஆண் குழந்தை. ஆனால் உப்பளத்தில் அவளுக்கு வேலை இல்லை. வெறும் காலோடு இறங்கினால் குத்துவது தெரியாது. பூட்ஸ் போட்டு இறங்கினால் தரை கெட்டுவிடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். நூறு நாள் வேலையில் மண்வெட்டி கையில் நிற்கவில்லை. மாற்றுத்திறனாளிச் சான்று இருந்தால் தண்ணீர் கொடுக்கும் வேலையில் உட்கார வைப்பார்கள் என்றார்கள். நான் ஓய்வுபெற்ற மறுமாதம் அவளைச் சான்று தரும் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர், சின்ன வயது. காகிதங்களைப் புரட்டினார். “ரெண்டு விரல்தான போயிருக்குது? அதுக்கு அவ்வளவு பர்சன்டேஜ் வராதும்மா. கை ரெண்டும் முழுசாதான இருக்குது?”

“உணர்ச்சி இல்லீங்க சார்” என்றாள் அஞ்சலை.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. வெளிய தெரியற மாதிரி ஏதாவது இருந்தாதான் நான் எழுத முடியும்.”

நான் சீஃப் எழுதிய பரிசோதனைக் குறிப்பை எடுத்து நீட்டினேன். அது பழையது என்றார். அப்படியானால் நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றேன். வரிசை நீளமாக இருக்கிறது என்றார். அதற்குள் டீ வந்தது. எவர்சில்வர் டம்ளரில், அடுப்பிலிருந்து இறக்கியபடியே. அவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும், எங்களுக்கும் கொடுக்கச் சொன்னார். தன் டம்ளரைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, கைக்குட்டையைத் தேடினார். நானும் முந்தானையால் பிடித்துக்கொண்டேன்.

அஞ்சலை டம்ளரை உள்ளங்கை முழுக்கச் சுற்றிப் பிடித்து மடியில் வைத்திருந்தாள். மரியாதைக்காக அவர் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் பார்வை அவள் கையில் நின்றது.

“அம்மா, சுடலையா உங்களுக்கு?”

அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“சுடுதா சார்?”

நான் டம்ளரைப் பிடுங்கினேன். உள்ளங்கை சிவந்து போயிருந்தது. அவர் வரிசையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, பஞ்சும் ஊசியும் எடுத்து முழுசாகச் சோதித்தார். சான்றுக்கு வேண்டிய சதவீதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “ஸாரிம்மா” என்றும் சொன்னார்.

மரக்காணம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, அவள் கையில் களிம்பு தடவினேன். கொப்புளம் கிளம்பியிருந்தது. நான் தடவுவது அவளுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்குப் புரிஞ்சிடுச்சி இல்லக்கா?”

“புரிஞ்சிடுச்சி.”

“நான் வாயால சொன்னப்பவே ஏன்க்கா புரியல?”

கவிதா, இந்த இடத்தில் படிப்பதை நிறுத்து. உன் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அஞ்சலையின் கேள்விக்குப் பதில் கேள்.